அடிநிறம் அறிந்து வண்ணம் தேர்ந்தெடுப்பது எப்படி

பெண் என்ன நிறம் என்று எங்கள் பக்கத்தில் கேட்டால் சிவப்பு, மாநிறம், கறுப்பு என்ற மூன்று சொற்களில் ஒன்றுதான் பதிலாக வரும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மணப்பெண் அலங்காரத்திற்காக நான் செல்லும் வீடுகளில் எல்லாம் இந்தச் சொற்களையே கேட்டு வருகிறேன். இவை மூன்றும் தோல் எவ்வளவு வெளிர்ந்திருக்கிறது, எவ்வளவு அடர்ந்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. முகத்தில் பூசும் ஃபவுண்டேஷன் வாங்குவதற்கும் புடவை எடுப்பதற்கும் நமக்குத் தேவைப்படும் செய்தி வேறு. அந்த வெளிர்வுக்கும் அடர்வுக்கும் அடியில் பொன்மஞ்சள் சாயல் ஓடுகிறதா, நீலம் கலந்த சிவப்புச் சாயல் ஓடுகிறதா, இலேசான பச்சை தெரிகிறதா என்பதே அது. அழகுக்கலையில் இதை அண்டர்டோன் என்பார்கள்; இங்கே அதை அடிநிறம் என்று சொல்கிறேன். பொன்மஞ்சள் ஓடினால் வெம்மையான அடிநிறம், நீலம் கலந்த சிவப்பு ஓடினால் தண்மையான அடிநிறம். ஒரே அளவு கறுத்த அக்காள் தங்கை இருவரில் ஒருத்திக்குப் பொன் கலந்த அடிநிறமும் மற்றவளுக்கு நீலம் கலந்த அடிநிறமும் இருக்கலாம். அக்காளுக்கு எடுப்பாக அமைந்த மாம்பழ மஞ்சள் புடவை தங்கையின் முகத்தைச் சோர்வாகக் காட்டுவது இதனால்தான்.

இந்த நுட்பம் தமிழுக்குப் புதியதன்று. சங்கப் பாடல்களில் வரும் மாமை என்ற சொல்லை மாந்தளிர் போன்ற மேனி நிறம் என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். கிருஷ்ணகிரித் தோப்புகளில் மாமரம் தளிர்விடும்போது சற்று நின்று பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் உடனே விளங்கும். பழுப்பும் செம்பும் கலந்து, வெளிச்சம் பட்டால் உள்ளிருந்து ஒளிர்வது போன்ற ஒரு நிறம் அது. கறுப்பு என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அதை அடைக்க முடியாது. அடர்வையும் சாயலையும் ஒருசேரப் பார்த்த அந்தக் கண்ணைத்தான் நாம் மீண்டும் பழக்கிக்கொள்ள வேண்டும்.

தோலின் நிறம் பெரும்பாலும் மூன்று பொருள்களால் அமைகிறது. மெலனின் பழுப்பையும் கருமையையும் தருகிறது. அதன் இன்னொரு வகை செம்மஞ்சள் சாயலைத் தருகிறது. தோலுக்கு அடியில் ஓடும் குருதியிலுள்ள ஹீமோகுளோபின் சிவப்பைத் தருகிறது. உணவின் வழியாக வந்து தங்கும் கரோட்டின் மஞ்சளைத் தருகிறது. வெயிலில் அலையும்போது மெலனின் கூடித் தோல் அடர்கிறது, நிழலில் இருந்தால் சில வாரங்களில் மெல்லக் குறைகிறது. ஆனால் இந்தக் கலவையின் சாயல் பெரிதாக மாறுவதில்லை. நிறம் அளக்கும் கருவிகளும் இரண்டையும் தனித்தனியாகவே அளக்கின்றன. 1976-இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு நிற அளவை முறையில் வெளிர்வுக்கு ஓர் எண்ணும், சிவப்பு–பச்சைச் சாயலுக்கு ஓர் எண்ணும், மஞ்சள்–நீலச் சாயலுக்கு ஓர் எண்ணும் உண்டு. கருவி இல்லாத நாம் பின்னிரண்டு எண்களையும் கண்ணால் கண்டறிய முயல்கிறோம். கண் எளிதில் ஏமாறக்கூடியது என்பதால், சோதனையைக் காட்டிலும் சோதனைக்கு முந்தைய ஏற்பாடே முக்கியமானது என்பது என் கருத்து.

முதலில் மஞ்சள் பூசுவதை நிறுத்த வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் இன்றும் முகத்திற்கும் கழுத்திற்கும் மஞ்சள் தேய்த்துக் குளிக்கிறார்கள். நல்ல வழக்கம்தான், ஆனால் மஞ்சளிலுள்ள குர்குமின் தோலின் மேலடுக்கில் கறையாகத் தங்கி, தண்மையான அடிநிறத்தையும் பொன்னிறமாகக் காட்டிவிடும். மேலடுக்குச் செல்கள் உதிர உதிரத்தான் அந்தக் கறை நீங்கும் என்பதால், ஒரு வாரமாவது மஞ்சளும் கடலைமாவுக் கலவையும் இல்லாமல் இருந்துவிட்டுப் பாருங்கள். மருதாணி இட்ட உள்ளங்கையையும் பார்க்க வேண்டாம். தலைமுடிக்குச் சாயமோ மருதாணியோ பூசியிருந்தால், வெள்ளைத் துண்டால் முடி முழுவதையும் மூடிக் கட்டிக்கொள்ளுங்கள். முகத்தை வெறும் தண்ணீரில் கழுவித் தேய்க்காமல் ஒற்றி எடுத்த பிறகு அரை மணி நேரம் காத்திருங்கள். அடுப்படியிலிருந்து வந்தவுடனோ, பேருந்து நிலையத்திலிருந்து வெயிலில் நடந்து வந்தவுடனோ பார்த்தால் குருதியோட்டத்தின் சிவப்பு அடிநிறம் போலத் தெரியும்.

அடுத்தது வெளிச்சம். வீட்டில் எரியும் விளக்கு எதுவும் இதற்கு உதவாது. 6500 கெல்வின் என்று அட்டையில் அச்சிட்ட எல்இடி விளக்கு நீலம் கலந்த வெண்மையையும், 3000 கெல்வின் விளக்கு மஞ்சளையும் முகத்தில் பாய்ச்சும். காலை ஒன்பது மணிக்கு மேல் பதினொரு மணிக்குள், நேர் வெயில் படாத, ஆனால் திறந்த வானம் தெரிகிற இடத்தில் உட்காருங்கள். வடக்குப் பார்த்த திண்ணை சிறந்தது என்று பல நூல்கள் சொல்வது நம் ஊருக்கு ஆண்டு முழுவதும் பொருந்தாது. தருமபுரி ஏறக்குறைய 12 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருப்பதால், அந்த மாதங்களில் வடக்குத் திண்ணையிலும் வெயில் விழும். அப்போது தெற்குத் திண்ணையைப் பயன்படுத்துங்கள்.

வெளிச்சம் எதன்மீது பட்டுத் திரும்பி வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கிளிப்பச்சையும் ரோஸும் அடித்த சுவர்கள் தங்கள் நிறத்தை முகத்தில் தெளிக்கும். செம்மண் வாசலில் நின்றால் தரையிலிருந்து எழும் செம்மை தாடைக்கு அடியில் ஏறிக்கொள்ளும். நாம் பார்க்க வேண்டிய இடமே தாடையடி என்பதால் இதைச் சிறு செய்தி என்று ஒதுக்க முடியாது. காலடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக்கொண்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். தோள்மீதும் வெள்ளைத் துணியே இருக்கட்டும். கைப்பேசிப் படத்தை நம்ப வேண்டாம். அது எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் வெண்மையைத் தானே சரிசெய்து, தோலை மெருகேற்றியும் காட்டுகிறது. அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில்கூட ஒருவரின் நிறம் ஒன்றாக இருக்காது.

முகத்தின் நடுப்பகுதியை வைத்து அடிநிறத்தைத் தீர்மானிக்காதீர்கள். நம்மில் பலருக்கு நெற்றியும் வாயைச் சுற்றிய பகுதியும் அடர்ந்திருக்கும், கன்னத்தில் மங்கு இருக்கும், பரு வந்துபோன தடம் இருக்கும். தாடையின் கீழ்ப்பகுதி, கழுத்தின் பக்கவாட்டு, காதுக்குப் பின்புறம், மேற்கையின் உட்பக்கம் ஆகிய இடங்களே வெயிலிடமிருந்து ஓரளவு தப்பியவை. இந்த நான்கையும் பார்த்து, பெரும்பான்மை எதைச் சொல்கிறதோ அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இனி, பலரும் பரிந்துரைக்கும் இரண்டு சோதனைகளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்களை இவை தவறான முடிவுக்குக் கொண்டுபோவதை நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். மணிக்கட்டு நரம்பு பச்சையாகத் தெரிந்தால் வெம்மை, நீலமாகத் தெரிந்தால் தண்மை என்பது ஒன்று. நரம்புக்குள் ஓடும் குருதி எப்போதும் அடர் சிவப்புதான். ஒளி தோலுக்குள் புகுந்து சிதறித் திரும்பும் விதத்தாலும், சுற்றியுள்ள தோலோடு கண் ஒப்பிட்டுப் பார்ப்பதாலும் அது நீலமாகவோ பச்சையாகவோ தோன்றுகிறது. மெலனின் மிகுந்த தோலின் வழியே பார்த்தால் அநேகமாக எல்லோருடைய நரம்பும் பச்சையாகத்தான் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. வெளிர்ந்த தோல் உடையவர்களை மனத்தில் கொண்டு ஏற்பட்ட இந்தச் சோதனையை நம்பினால் ஊரில் பாதிப் பேர் தங்களை வெம்மைக்காரர்கள் என்று தவறாக எண்ணிக்கொள்வார்கள்.

மற்றொன்று தங்கமா வெள்ளியா என்ற சோதனை. பிறந்த குழந்தைக்கே காதில் தங்கம் போட்டு, வெள்ளியைக் காலுக்கு என்று ஒதுக்கி வைத்த நமக்கு, கழுத்தில் தங்கம் அழகாகத் தெரிவது பழக்கத்தால். ஆகவே இந்தச் சோதனையைச் செய்வதானால், கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். எந்த நகை அழகாக இருக்கிறது என்று பார்க்காமல், எந்த உலோகத்தின் அருகில் கழுத்துத் தோல் தெளிவாகவும் ஒரே சீராகவும் தெரிகிறது என்று பாருங்கள். கொலுசைக் கழுத்தெலும்பின் மீது வைத்துப் பார்க்கத் தயங்க வேண்டாம். சோதனை முடிந்ததும் எடுத்துவிடப் போகிறோம்.

நான் முழுமையாக நம்புவது துணிச் சோதனையைத்தான். அதன் அடிப்படை பழையது. பாரிஸ் நகரத்து கோபலின் திரைச்சீலைக் கூடத்தில் சாயப்பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்த வேதியியலாளர் மிஷெல் யூஜின் செவ்ரல், சாயம் மங்கலாக இருக்கிறது என்று வந்த புகார்களை ஆராய்ந்தபோது, குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்தில் வைத்து நெய்த நூலின் நிறத்தில் இருக்கிறது என்று கண்டார். அருகருகே இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்ற அந்த விதியை அவர் 1839-இல் வெளியிட்டார். முகத்தருகே துணியைப் பிடிக்கும்போதும் இதுவே நிகழ்கிறது. துணி தோலை மாற்றுவதில்லை. தோலில் ஏற்கெனவே இருக்கும் சாயலை மிகுத்தோ தணித்தோ காட்டுகிறது.

தருமபுரி பட்டுக்கூடு ஏல அங்காடிக்குச் சென்றவர்கள் இரண்டு வகைக் கூடுகளையும் பார்த்திருப்பார்கள். இருபருவ இனத்தின் கூடு தூய வெள்ளையாக இருக்கும். கலப்பினக் கூடு இளமஞ்சளாக இருக்கும். தனித்தனியே பார்த்தால் இரண்டையும் வெள்ளை என்றே சிலர் சொல்லிவிடுவார்கள், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் குவித்து வைத்தால் குழந்தைக்கும் வேறுபாடு தெரியும். உங்கள் முதல் இணையும் அதுவே: நீலமிட்டு வெளுத்த தூய வெள்ளைத் துணி ஒன்று, சாயமேற்றாத கோரா நிறத் துணி ஒன்று. தாடைக்குக் கீழே நெஞ்சை முழுவதும் மூடும் அளவுக்கு இவற்றை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். தூய வெள்ளையில் முகம் தெளிந்து, கோராவில் அழுக்கேறியது போலத் தெரிந்தால் தண்மையின் பக்கம் சாய்கிறீர்கள். கோராவில் முகம் ஒளிபெற்று, தூய வெள்ளையில் சாம்பல் தட்டினால் வெம்மையின் பக்கம்.

ஓர் இணையோடு நிறுத்திவிடாதீர்கள். அடுத்ததாக இரண்டு சிவப்புகளை எடுங்கள். ராயக்கோட்டைத் தக்காளியின் சிவப்பில் ஆரஞ்சு கலந்திருக்கிறது. வெட்டிய பீட்ரூட்டின் சிவப்பில் நீலம் கலந்திருக்கிறது. வீட்டிலிருக்கும் ரவிக்கைத் துணிகளிலேயே இந்த இரண்டு சிவப்புகளும் கிடைத்துவிடும். பிறகு காவி ஆரஞ்சும் ராணி ரோஸும், அதன் பிறகு பாசிப்பயற்றுப் பச்சையும் மயில்கழுத்து நிறமும். இந்த மூன்று இணைகளிலும் முதலில் சொன்னது வெம்மையின் பக்கம், அடுத்தது தண்மையின் பக்கம். ஒவ்வொரு முறையும் பார்வை துணியின்மீது போகாமல் முகத்தின்மீதே இருக்க வேண்டும். இதுதான் கடினமான பகுதி. பொருந்தாத துணியில் கண்ணுக்குக் கீழுள்ள கருவளையம் ஆழமாகும், மூக்கோர மடிப்பு எழுந்து தெரியும், உதட்டின் விளிம்பு மங்கும், முதலில் துணி தெரிந்து பிறகுதான் முகம் தெரியும். பொருந்திய துணியில் தாடைக்கோடு தெளியும், கண்ணின் வெள்ளை வெண்மையாகும். நமக்குப் பிடித்த நிறம் நமக்குப் பொருந்துவதாகவே நம் கண் சொல்லும் என்பதால், தீர்ப்பை அம்மாவிடமோ தோழியிடமோ விட்டுவிட்டு, துணி மாற்றும்போது அவர்களைக் கண்ணை மூடித் திறக்கச் சொல்லுங்கள். வேறொரு நாளில் மீண்டும் ஒருமுறை செய்து, இரண்டு முடிவுகளும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

அடர்ந்த தோலில் விடை எப்படித் தெரியும் என்று பலர் கேட்கிறார்கள். வெம்மை அடிநிறமுள்ள கறுப்பில், பனைவெல்லத்தை வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகிற செம்பொன் இருக்கும். தண்மை அடிநிறமுள்ள கறுப்பில் நாவற்பழத் தோலின் ஊதாநீலம் மெல்ல ஓடும். இரண்டும் ஆழமான, அழகான நிறங்கள்; ஒன்றை மற்றொன்றாக மாற்ற முயலும் அலங்காரம்தான் முகத்தைக் கெடுக்கிறது. இரண்டு பக்கத் துணிகளும் ஏறக்குறைய ஒரே அளவு பொருந்தினால் உங்களுடையது நடுநிலை அடிநிறம். இவற்றில் எதிலும் அடங்காமல், ரோஸ் கலந்த ஃபவுண்டேஷன் முகமூடி போலவும் மஞ்சள் கலந்தது ஆரஞ்சாகவும் தெரிந்தால், பச்சை ஓடும் ஆலிவ் அடிநிறமாக இருக்கக்கூடும். நம் ஊரில் எலுமிச்சை நிறம் என்று சொல்லப்படுபவர்களில் சிலரும் மாநிறத்தில் கணிசமானவர்களும் இந்த வகையினர் என்பது என் அனுபவம். கடைகளில் இவர்களுக்கான ஷேடுகள் குறைவு. மஞ்சள் சார்ந்த ஷேடில் நீல மிக்ஸர் (ஃபவுண்டேஷனில் கலக்கும் நீல நிறமித் திரவம்) ஒரு துளி கலந்தால் ஆரஞ்சு அடங்கும்.

ஓர் எச்சரிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். அண்மையில் திடீரென்று தோல் மஞ்சளித்து, கண்ணின் வெள்ளையும் மஞ்சளாக இருந்தால் அது அடிநிறம் இல்லை, மஞ்சள்காமாலையாக இருக்கலாம்; உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். கீழ் இமையின் உட்புறமும் நகமும் வெளுத்திருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். குருதிச் சோகையின் வெளுப்பைத் தண்மை என்றோ மஞ்சள் என்றோ எண்ணி நிறம் தேர்ந்தெடுத்தால், உடல் தேறிய பிறகு எல்லாம் பொருந்தாமல் போகும்.

அடிநிறம் தெரிந்த பின் ஃபவுண்டேஷன் வாங்கும்போது பாட்டிலின் அட்டையைப் படியுங்கள். பல நிறுவனங்கள் வெம்மைக்கு டபிள்யூ, தண்மைக்கு சி, நடுநிலைக்கு என் என்ற எழுத்துகளை ஷேடு எண்ணோடு சேர்த்து அச்சிடுகின்றன. மேக் என்ற அழகுப்பொருள் நிறுவனத்தின் பெயரிடுதல் மட்டும் இதற்கு எதிரானது. அங்கே என்சி என்று தொடங்கும் ஷேடுகள் பொன்மஞ்சள் சாயல் உடையவர்களுக்கும், என்டபிள்யூ என்று தொடங்குபவை ரோஸ் சாயல் உடையவர்களுக்கும் உரியவை. எழுத்தைப் பார்த்துச் சுருக்கிக்கொண்ட பட்டியலிலிருந்து மூன்று ஷேடுகளைத் தேர்ந்து, தாடையிலிருந்து கழுத்து நோக்கி மூன்று கோடுகளாக இழுங்கள். புறங்கையில் தடவிப் பார்ப்பதால் பயனில்லை, கையும் முகமும் ஒரே நிறம் அல்ல. கோடு இழுத்தவுடன் முடிவெடுக்காமல் கால் மணி நேரம் காத்திருங்கள். காற்றுப் பட்டும் தோலின் எண்ணெய் கலந்தும் பல ஃபவுண்டேஷன்கள் அரை ஷேடு கறுத்து ஆரஞ்சாகும். அதன் பிறகு கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். எந்தக் கோடு மறைந்துவிட்டதோ அதுவே உங்கள் ஷேடு.

இந்தக் கடைசி அடியை நான் ஒருமுறை செய்யத் தவறினேன். பாலக்கோடு பக்கத்துக் கிராமம் ஒன்றில் அதிகாலை முகூர்த்தம். முந்தைய இரவு மண்டபத்து அறையில் வெள்ளை விளக்கின் கீழ் வைத்து, பொன்சாயல் கொண்ட மாநிறப் பெண்ணுக்கு ரோஸ் கலந்த, ஒரு படி வெளிர்ந்த ஃபவுண்டேஷனைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். விடிந்து கோயில் வாசலுக்கு வந்தபோது அவளுடைய பாட்டி என்னைத் தனியே அழைத்து, "புள்ள மூஞ்சி சாம்பல் பூத்தாப்புல இருக்குதும்மா, கழுத்து வேற மாதிரி இருக்குது" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. தோலைவிட வெளிர்ந்த ஷேடுகளில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெண்ணிறமி மிகுதி. அது பொன்பழுப்பின்மீது படியும்போது சாம்பலாகத்தான் தெரியும். அன்று சாம்பலை அடக்கும் ஆரஞ்சு நிறக் கரெக்டரைக் கலந்து ஓரளவு சரிசெய்தேன், ஆனால் அவளுடைய திருமணப் படங்களில் பாதி அதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டன. அதன் பிறகு எந்த மணப்பெண்ணுக்கும் பகலில் திறந்த வெளியில் ஒருமுறை பூசிப் பார்க்காமல் நான் ஒப்புக்கொள்வதில்லை. அவளை ஒரு படி சிவப்பாகக் காட்டுங்கள் என்று உறவினர்கள் கேட்டாலும் மறுத்துவிடுகிறேன்.

கருவளையத்தை மறைக்க வெளிர்ந்த கன்சீலரை நேரடியாகப் பூசினாலும் அதே சாம்பல்தான் வரும். நம் தோலில் கருவளையம் நீலச்சாம்பலாக இருப்பதால் அதன் எதிர் நிறமான ஆரஞ்சு தேவை; மாநிறத்திற்குப் பீச், அடர்நிறத்திற்குச் செவ்வாரஞ்சு. அதன் மேல் மெல்லிய கன்சீலர் போதும். லிப்ஸ்டிக்கில், வெம்மைக்குச் செங்கல், பவளம், கேரமல் போன்றவையும், தண்மைக்கு ஒயின், பிளம், ராணி ரோஸ் போன்றவையும் முதலில் முயலத் தக்கவை. உங்கள் உதட்டின் இயல்பான நிறம் லிப்ஸ்டிக்கோடு கலந்தே தெரியும் என்பதால், உதடு கறுத்தவர்கள் கடையிலேயே சோதித்துவிட்டு வாங்க வேண்டும்.

புடவையைப் பொறுத்தவரை, எந்த நிறத்தையும் யாரும் துறக்க வேண்டியதில்லை என்றே உறுதியாகச் சொல்வேன். முகத்தை மாற்றிக் காட்டுவது ரவிக்கைக் கழுத்தும் தோளில் விழும் முந்தானையும்தான்; புடவை உடலின் நிறம் இடுப்புக்குக் கீழே என்னவாக இருந்தாலும் முகத்திற்குத் தீங்கில்லை. தண்மை அடிநிறமுள்ள பெண் மாம்பழ மஞ்சள் முகூர்த்தப் பட்டை உடுத்தத்தான் வேண்டும் என்றால், ராணி ரோஸ் அல்லது மயில்கழுத்து நிறத்தில் ரவிக்கையும் கரையும் அமைத்துக்கொண்டால் முகத்தருகே அந்த நிறமே நிற்கும். அரக்கிலும் பச்சையிலும் இரு சாயல்களுமே நெய்யப்படுகின்றன. நிறத்தின் பெயரைச் சொல்லிக் கேட்காமல், இதிலேயே நீலம் ஓடியது, இதிலேயே மஞ்சள் ஓடியது என்று கேட்டுப் பழகுங்கள், கடைக்காரர்கள் எடுத்துப் போடுவார்கள்.

வெயில் காலத்தில் ஒரு படி கறுத்துப் போவது இந்த மாவட்டங்களில் எல்லோருக்கும் உள்ளது. அதற்காகப் புதிய அடிநிறம் தேட வேண்டாம். அதே சாயலில் ஒரு படி அடர்ந்த இன்னொரு ஷேடு வாங்கி, சித்திரை வைகாசியில் இரண்டையும் கலந்து பூசினால் போதும். துணிச் சோதனையில் உங்கள் முகத்தைத் தெளிய வைத்த சிவப்பு, பச்சை, வெள்ளை ஆகிய துணிகளில் விரலளவு துண்டுகளை வெட்டி, ஒரு ஊக்கில் கோத்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கடையில் ஒரு புடவை கையில் விழும்போது, அந்தத் துண்டை வாசல் வெளிச்சத்தில் அதன்மீது வைத்துப் பாருங்கள்; இரண்டும் ஒன்றையொன்று அழுக்காக்காமல் சேர்ந்து இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.